110 நாள் துரத்தல்!

பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். என்ன நடக்கும்? ‘திருடன்... திருடன்...’ என்று நாலு பேர் கத்துவார்கள். பத்து பேர் துரத்துவார்கள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் பிடித்து, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவார்கள்.

அதே திருட்டு நடுக்கடலில் நடந்தால்? அங்கே தெரு இல்லை. போலீஸ் ஸ்டேஷன் இல்லை. கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் திருட்டுக் கப்பல் ஒன்றை இரண்டு கப்பல்கள் 110 நாட்கள் விடாமல் துரத்தின. பனிக்கட்டி மிதக்கும் தென்துருவக் கடலில் தொடங்கிய துரத்தல், வெயில் கொளுத்தும் ஆப்பிரிக்கக் கடலில் போய் முடிந்தது. நம்பவே முடியவில்லை அல்லவா? இது கதையல்ல குட்டீஸ், 2014-2015ல் உண்மையாகவே நடந்தது!

வெள்ளைத் தங்கம்

அந்தக் கப்பல் திருடியது தங்கத்தையோ வைரத்தையோ அல்ல, மீனை! ‘மீனையா? இதற்கா இவ்வளவு அமர்க்களம்?’ என்று கேட்கிறீர்களா? அந்த மீனைப் பற்றித் தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

அதன் பெயர் ‘டூத்பிஷ்’. வாய் நிறையக் கூரான பற்கள் இருப்பதால் இந்தப் பெயர். பார்ப்பதற்கு அழகெல்லாம் கிடையாது. பெரிய தலை, உருண்ட கண், முன்னால் நீண்ட தாடை என்று கொஞ்சம் பயமுறுத்தும் தோற்றம்தான். ஆனால், இரண்டு மீட்டர் நீளம் வரை வளரும். நூறு கிலோவுக்கும் மேல் எடை வரும். சுமார் 50 ஆண்டுகள் வரை உயிர் வாழும். அதாவது, உங்கள் அப்பாவை விட வயதான மீன்கள் கூட அங்கே உண்டு!

இதில் இரண்டு வகை. அவற்றில் அண்டார்க்டிக் டூத்பிஷ் வாழும் கடல்நீர், பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கும். அதன் ரத்தம் உறைந்துபோகாமல் இருக்க, இயற்கையே ஒருவகைப் புரதத்தை அதன் உடலில் வைத்திருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த மீனை யாரும் சீந்தவில்லை. 1977ல் அமெரிக்க மீன் வியாபாரி ஒருவர் இதற்கு ‘சிலியன் சீ பாஸ்’ என்று அழகான பெயரைச் சூட்டினார். பெயர் மாறியதும் மவுசு வந்துவிட்டது. பெரிய ஓட்டல்களில் பணக்காரர்கள் போட்டி போட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். விலை எகிறியது. மீனவர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர், ‘வெள்ளைத் தங்கம்’.

மெதுவாக வளரும் மீன் இது. முட்டையிடும் பருவத்தை அடையவே பல ஆண்டுகள் ஆகும். கண்டபடி பிடித்தால் சீக்கிரமே இனம் அழிந்துவிடும். அண்டார்க்டிக் கடல்வாழ் உயிரினங்களைக் காக்க ஒரு சர்வதேச அமைப்பு 1982ல் உருவானது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இதன் தலைமையகம் இருக்கிறது. இந்தியாவும் இதில் உறுப்பினர். எந்தக் கப்பல், எந்த இடத்தில், எவ்வளவு டூத்பிஷ் பிடிக்கலாம் என்று இந்த அமைப்பு கணக்குப் போட்டு அனுமதி தருகிறது.

அனுமதி வாங்காமலே அள்ளிக்கொண்டு போனால்? அதுதான் திருட்டு!

பெயர் மாற்றும் கப்பல்

அப்படி அள்ளிய கப்பல்களில் பெயர் பெற்றது ‘தண்டர்’. இடி என்று அர்த்தம். 1969ல் நார்வேயில் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. 2006லேயே அதைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சுமார் எட்டு ஆண்டுகள் அது தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. இந்தக் காலத்தில் அது சம்பாதித்தது 6 கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 370 கோடி ரூபாய். அடேங்கப்பா!

ஏன் பிடிக்க முடியவில்லை? அங்கேதான் இருக்கிறது தந்திரம்.

நம் ஊரில் ஒவ்வொரு மோட்டார் பைக்குக்கும் நம்பர் பிளேட் இருக்கிறது அல்லவா? அதுபோல ஒவ்வொரு கப்பலும் ஏதாவது ஒரு நாட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த நாட்டின் கொடியைத்தான் பறக்கவிட வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை கடல், அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். 200 கடல் மைல் வரை மீன் பிடிக்கும் உரிமை அந்த நாட்டுக்கு உண்டு. அதையும் தாண்டினால் திறந்த கடல். அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அங்கே ஒரு கப்பல் தப்பு செய்தால், அதைத் தட்டிக்கேட்க வேண்டிய முதல் பொறுப்பு, அது எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுக்குத்தான்.

சில நாடுகள் பணம் வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடி கொடுத்துவிடும். அதன் பிறகு கண்டுகொள்ளாது. தண்டர் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ரூபின், டைபூன், குகோ, வுஹான் என்று பல பெயர்கள் அதற்கு. பிரிட்டன், செஷல்ஸ், டோகோ, மங்கோலியா, நைஜீரியா என்று பல கொடிகள். இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? மங்கோலியாவுக்குக் கடலே கிடையாது! உங்கள் வீட்டு அட்லஸை எடுத்துப் பாருங்கள்.

ஒரு பெயரில் மாட்டிக்கொண்டால், வேறு பெயரை எழுதிவிட வேண்டியது. ஒரு நாடு கொடியைப் பறித்தால், வேறு நாட்டுக் கொடியை ஏற்றிவிட வேண்டியது. முதலாளி யார் என்று தேடினால், காகிதத்தில் ஏதோ ஒரு நாட்டில் ஒரு கம்பெனியின் பெயர் மட்டும் இருக்கும். கப்பல் ஒரு நாடு, கேப்டன் ஒரு நாடு, வேலையாட்கள் ஒரு நாடு, பணம் போவது இன்னொரு நாடு. எந்த நாட்டுப் போலீஸ் யாரைப் பிடிப்பது? பல நாடுகளில் கிளை பரப்பி நடக்கும் இப்படிப்பட்ட குற்றத்தைத்தான் ‘நாடு கடந்த திட்டமிட்ட குற்றம்’ என்கிறார்கள்.

ஊதா நிற அறிக்கை

சர்வதேச போலீசான இன்டர்போலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம். நாடுகளை உஷார்படுத்த இது பல நிறங்களில் அறிக்கை அனுப்பும். தேடப்படும் குற்றவாளிக்குச் சிவப்பு. காணாமல் போனவருக்கு மஞ்சள். குற்றவாளிகள் பயன்படுத்தும் தந்திரங்களையும் கருவிகளையும் பற்றி எச்சரிக்க ஊதா.

2013 டிசம்பரில் தண்டருக்கு ஊதா அறிக்கை வந்தது. கேட்டவை நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள். அறிக்கை வந்தது சரி. ஆனால் பூமியின் அடிக்கோடியில், பனிமலைகள் மிதக்கும் கடலில் அதை யார் போய்த் தேடுவது?

‘நாங்கள் போகிறோம்’ என்று கிளம்பியது ‘சீ ஷெப்பர்ட்’ என்ற அமைப்பு. கடல் உயிரினங்களைக் காப்பதற்காக நன்கொடையில் நடக்கும் அமைப்பு இது. இதன் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. ஒன்று ‘பாப் பார்க்கர்’. அதன் கேப்டன் சுவீடனைச் சேர்ந்த பீட்டர் ஹம்மர்ஸ்டெட். வயது 30தான்! இன்னொன்று ‘சாம் சைமன்’. அதன் கேப்டன் யார் தெரியுமா? நம் இந்தியாவைச் சேர்ந்த சித்தார்த் சக்கரவர்த்தி!

கண்டுபிடித்தாயிற்று!

2014 டிசம்பர் 17. அண்டார்க்டிகாவுக்கு அருகே ‘பன்சாரே பாங்க்’ என்ற பகுதி. தேடிவந்த பாப் பார்க்கர், தண்டரைக் கண்டுபிடித்துவிட்டது. பின்பக்கத்தில் பெயரும், லாகோஸ் என்ற நைஜீரியத் துறைமுகத்தின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன.

‘நீங்கள் சட்டவிரோதமாக மீன் பிடிக்கிறீர்கள்’ என்று ரேடியோவில் சொன்னார் பீட்டர். எங்களைக் கைது செய்ய உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்று பதில் வந்தது.

இதில் உண்மையும் இருந்தது குட்டீஸ். சீ ஷெப்பர்ட் என்பது போலீஸ் அல்ல, கடற்படையும் அல்ல. அவர்களிடம் கைவிலங்கு கிடையாது. பிறகு என்னதான் செய்ய முடியும்? ஒன்றே ஒன்று செய்யலாம். பின்னாலேயே போகலாம்! கண்பார்வையிலிருந்து விடாமல், ‘இதோ இந்த இடத்தில் இருக்கிறது’ என்று நாள்தோறும் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். மீன் பிடிக்கவும் முடியாது. துறைமுகத்தில் நுழைந்து விற்கவும் முடியாது. திருடனுக்குப் பின்னால் டார்ச் லைட் அடித்துக்கொண்டே போவது மாதிரி!

தண்டர் கிளம்பியது, பாப் பார்க்கர் பின்தொடர்ந்தது. பனிக்கட்டிகள் நிறைந்த பகுதிக்குள் புகுந்து தப்பிக்கப் பார்த்தது தண்டர். அங்கேயும் விடவில்லை. மலை போல அலை எழும்பும் புயல் கடலுக்குள் போனது. அங்கேயும் விடவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, புத்தாண்டு வந்தது, பொங்கலும் போனது. துரத்தல் மட்டும் நிற்கவில்லை!

72 கிலோமீட்டர் வலை

அவசரமாக ஓடிய தண்டர், கடலுக்குள் விரித்திருந்த வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தது. அது செவுள் வலை. மீனின் தலை உள்ளே போகும், செவுள் மாட்டிக்கொள்ளும், பின்னால் வர முடியாது. அண்டார்க்டிக் கடலில் இந்த வகை வலைக்கே தடை. ஏனென்றால், டூத்பிஷ் மட்டுமல்ல, வழியில் வரும் எல்லா உயிரும் அதில் சிக்கிச் சாகும். ஆளில்லாமல் விட்டுவிட்டாலும், அந்த வலை பாட்டுக்கு மீன்களைக் கொன்றுகொண்டே இருக்கும்.

அதை வெளியே எடுக்கும் வேலையை சாம் சைமன் ஏற்றுக்கொண்டது. கைகள் விறைக்கும் குளிரில், ஆழத்திலிருந்து இழுக்க இழுக்க வலை வந்துகொண்டே இருந்தது. மொத்தம் எவ்வளவு தெரியுமா? 72 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை வலையை விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். டூத்பிஷ், திருக்கை, நண்டு என்று அதில் சிக்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன.

இந்த வலைதான் முக்கியமான சாட்சி. சித்தார்த் குழுவினர் எல்லாவற்றையும் எண்ணி, அளந்து, படம் எடுத்தார்கள். பிறகு மொரீஷியஸ் தீவுக்குப் போய் இன்டர்போல் அதிகாரிகளிடம் ஆதாரங்களைக் கொடுத்துவிட்டு, மறுபடி துரத்தலில் சேர்ந்துகொண்டார்கள்.

2015 மார்ச்சில் நைஜீரியா, ‘இது இனி எங்கள் கப்பல் அல்ல’ என்று தண்டரின் பதிவை ரத்து செய்தது. இப்போது தண்டர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அநாதைக் கப்பல்!

மூழ்கியது தண்டர்

2015 ஏப்ரல் 6. துரத்தலின் 110வது நாள். கப்பல்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, அட்லாண்டிக் கடலில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வந்திருந்தன. அதுவரை போன தூரம் 10 ஆயிரம் கடல் மைலுக்கும் மேல். அதாவது, 18 ஆயிரத்து 500 கிலோமீட்டருக்கும் அதிகம். கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்கு ஐந்து முறை ரயிலில் போனால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு!

திடீரென்று தண்டரிலிருந்து ஆபத்துக் குரல் வந்தது. ‘எங்கள் கப்பல் எதிலோ மோதிவிட்டது. மூழ்குகிறோம். காப்பாற்றுங்கள்!’

மூன்றரை மாதமாக எதிரியாக இருந்தவர்கள் கேட்கிறார்கள். என்ன செய்வது? கடலில் ஒரு சட்டம் உண்டு. ஆபத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் காப்பாற்றியே ஆகவேண்டும். தண்டரில் இருந்த 40 பேரும் உயிர்காக்கும் மிதவைகளில் இறங்கினார்கள். ஒருவர் கூட பலியாகாமல் சீ ஷெப்பர்ட் அத்தனை பேரையும் மீட்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்து பிழைப்புக்காக வந்த சாதாரணத் தொழிலாளிகள். சாம் சைமனில் ஏற்றி, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள்.

இதற்கிடையில், பாப் பார்க்கரைச் சேர்ந்த மூன்று பேர் துணிச்சலான காரியம் ஒன்று செய்தார்கள். மூழ்கிக்கொண்டிருந்த தண்டருக்குள் ஏறினார்கள்! கிடைத்த கொஞ்ச நேரத்தில் கடல் வரைபடங்கள், கம்ப்யூட்டர், செல்போன்கள் எல்லாவற்றையும் திரட்டினார்கள். சமையலறையில் இருந்த டூத்பிஷ்ஷையும் விடவில்லை!

அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்தான் பெரிய ஆச்சரியம். கப்பலுக்குள் தண்ணீர் வந்தால், கதவுகளை இறுக்கி மூடுவதுதான் வழக்கம். அப்போதுதான் தண்ணீர் மற்ற அறைகளுக்குப் பரவாது. ஆனால், தண்டரில் கதவுகளைத் திறந்த நிலையில் கட்டி வைத்திருந்தார்கள்! ஆமாம் குட்டீஸ், ஆதாரங்களை அழிக்கத் தங்கள் கப்பலைத் தாங்களே மூழ்கடித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுத்தது. கப்பல் தண்ணீருக்குள் முழுசாகப் போனபோது, அதன் கேப்டன் உற்சாகக் குரல் எழுப்பினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆதாரம் எல்லாம் கடலுக்கு அடியில் போய்விட்டது என்று நினைத்திருப்பார். ஆனால், 72 கிலோமீட்டர் வலை வெளியே இருந்ததே!

குட்டி நாடு, பெரிய தீர்ப்பு

தண்டர் மூழ்கிய இடம், ‘சாவோ டோமே - பிரின்சிபே’ என்ற நாட்டின் கடல் பகுதி. ஆப்பிரிக்காவின் மிகச் சிறிய நாடுகளில் ஒன்று. முக்கியமாக இரண்டு தீவுகள்தான். ‘நமக்கெதற்கு வம்பு’ என்று அந்த நாடு விட்டிருக்கலாம். விடவில்லை. வழக்குப் போட்டது.

கேப்டன், தலைமை இன்ஜினீயர், இரண்டாவது மெக்கானிக் ஆகிய மூன்று பேர் மீது விசாரணை நடந்தது. போலி ஆவணம், கடலை மாசுபடுத்தியது, சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவித்தது போன்ற குற்றங்கள் நிரூபணமாயின. 2015 அக்டோபரில் மூவருக்கும் சிறைத்தண்டனையும், மொத்தம் ஒன்றரைக் கோடி யூரோவுக்கும் மேல் அபராதமும் விதிக்கப்பட்டன. நம் பணத்தில் நூறு கோடி ரூபாய்க்கும் அதிகம்! பெரிய பெரிய நாடுகளால் முடியாததை ஒரு குட்டித் தீவு நாடு செய்து காட்டியது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

தண்டரோடு சேர்த்து இப்படி ஆறு திருட்டுக் கப்பல்கள் இருந்தன. மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாக மாட்டின. ‘குன்லுன்’ என்ற கப்பல் 2015 மார்ச்சில் தாய்லாந்துக்கு வந்தது. உள்ளே இருந்தது 180 டன்னுக்கும் மேற்பட்ட டூத்பிஷ். காகிதத்தில் எழுதியிருந்தது, ‘கலவா மீன்’! திருட்டு மீனை வேறு மீன் என்று பொய் சொல்லி விற்பதுதான் இவர்களின் கடத்தல் வழி. அங்கே பிடிபட்ட கப்பல் நைசாக நழுவியது. 2016ல் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் மறுபடி சிக்கியது.

‘வைகிங்’ என்ற கப்பல் இந்தோனேசியாவிடம் மாட்டியது. அப்போது அந்த நாட்டின் கடல், மீன்வளத்துறை அமைச்சராக இருந்தவர் சுசி புட்ஜியாஸ்துதி. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, மீன் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்த பெண்மணி. 2016 மார்ச் 14ல், எல்லோரும் பார்க்க அந்தக் கப்பலை வெடிவைத்துத் தகர்க்கச் செய்தார். எங்கள் கடலில் திருட வந்தால் இதுதான் கதி என்று உலகத்துக்கே எச்சரிக்கை!

ஆனால், எல்லாமே சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்தக் கப்பல்களுக்குப் பின்னால் இருந்த சில கம்பெனிகளுக்கும் ஆட்களுக்கும் 2016ல் ஸ்பெயின் அரசு 1 கோடியே 70 லட்சம் யூரோவுக்கும் மேல் அபராதம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில், திறந்த கடலில் நடந்ததை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் குற்ற வழக்கைக் கைவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத கடல் என்பது, திருடர்களுக்கு இன்னும் வசதியாகத்தான் இருக்கிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டா?

உலகில் பிடிபடும் மீன்களில் ஐந்தில் ஒன்று சட்டவிரோதமாகப் பிடிக்கப்படுவதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. இதனால் நஷ்டம் யாருக்கு? விதிகளை மதித்து, சிறிய படகில் போய், கிடைத்ததைக் கொண்டுவரும் நேர்மையான மீனவர்களுக்குத்தான். மீன் தீர்ந்துபோனால், பெரிய கப்பல் வேறு கடலுக்குப் போய்விடும். கரையில் குடிசை போட்டிருக்கும் மீனவர் எங்கே போவார்?

அதனால்தான் நாடுகள் ஒன்றுகூடி ஒரு ஒப்பந்தம் செய்தன. திருட்டு மீனோடு வரும் கப்பலைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தும் இந்த ஒப்பந்தம், 2016 ஜூன் 5ல் அமலுக்கு வந்தது. கடலில் பிடிக்க முடியாவிட்டால் என்ன? விற்பதற்குக் கரைக்கு வந்துதானே ஆகவேண்டும்! அந்த ஜூன் 5ஐயே சட்டவிரோத மீன்பிடிப்புக்கு எதிரான தினமாக ஐ.நா. சபை கடைப்பிடிக்கிறது. அன்றைக்குத்தான் உலகச் சுற்றுச்சூழல் தினமும்.

‘பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்’ என்று பாட்டி சொல்வார் அல்லவா? தண்டர் விஷயத்தில் அது பலித்தது. ஆனால், தானாகப் பலிக்கவில்லை. 110 நாட்கள் கண்ணை எடுக்காமல் பின்னால் போக ஆட்கள் இருந்தார்கள். குளிரில் நின்று 72 கிலோமீட்டர் வலையை இழுக்க ஆட்கள் இருந்தார்கள். பயப்படாமல் தீர்ப்புச் சொல்ல ஒரு குட்டி நாடு இருந்தது. அதனால்தான் பலித்தது!

தெரிந்துகொள்ளுங்கள்!

* ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். தரையில் சொல்லும் மைலை விடக் கொஞ்சம் அதிகம்.

* ‘சாம் சைமன்’, ‘பாப் பார்க்கர்’ இரண்டும் நன்கொடை கொடுத்த அமெரிக்க டி.வி. பிரபலங்களின் பெயர்கள். சாம் சைமன், ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனை உருவாக்கியவர்களில் ஒருவர். துரத்தல் நடந்துகொண்டிருந்த 2015 மார்ச்சில், அது முடிவதைப் பார்க்காமலே அவர் காலமானார்.

* அனுமதி பெற்று, அளவோடு டூத்பிஷ் பிடிக்கும் கப்பல்களும் உண்டு. எல்லா டூத்பிஷ்ஷும் திருட்டு மீன் அல்ல!